வசந்தன் அண்ணா கேட்ட கடலடி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று வசந்தன் அண்ணா வீட்டு மீன்தொட்டியை முடித்துக் கொடுத்தேன். சங்கு குளிக்கப் போன அவருடைய தம்பி போன வருடம் துறைமுக வாய்க்கு வெளியே மூழ்கிப் போனான். உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்துக் கடலடி போலவே தொட்டிக்குள் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லக் கருங்கல்லை அடுக்கினேன். நினைவுக்காகத்தான் கேட்கிறார் என்று எண்ணியிருந்தேன்.

மீனை விடப் போனபோது, "மீன் வேண்டாம் தங்கச்சி," என்றார். கல்லின் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு ஆள் போகலாம். நாளைக்கு விடிய அந்த இடத்தில கடலுக்க இறங்கித் தம்பியைத் தேடப்போறன்."

"இந்த வாடைக்காத்துக்கு ஏலாது அண்ணா. அந்த இடத்தை நான் கண்டதே இல்லை. பாக்க வடிவா இருக்கட்டும் எண்டுதான் பிளவை அகலமா விட்டனான்."

"இல்லை, சரியாத்தான் செய்திருக்கிறீங்கள்," என்று சிரித்தார்.

குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் சொன்னேன். "ஓம், கடலுக்க இறங்கிற காத்துச் சிலிண்டர் நேற்றே நிரப்பியாச்சு," என்றார் அவர். "தொட்டியைப் பாத்தாலாவது மனம் ஆறுவார் எண்டு நான்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னனான்."

வீட்டுக்கு வந்து அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை. விடிய முன் கரைக்குப் போய் அவரை மறிக்க வேண்டும். கேட்பாரோ தெரியாது.