பத்து இரவுப் பூச்சிகளை ஒரே இரவாகக் கொண்டது குறித்து

அனுப்புநர்:
மெராபு சிலொங்கோலா,
(காலஞ்சென்ற யோத்தாமு சிலொங்கோலாவின் மனைவி),
தேவாலயத்துக்குப் பின் வீடு, சிலுங்கா கிராமம்,
இகோம்பே மாவட்டம், டொடோமா மாகாணம்.

பெறுநர்:
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
இகோம்பே மாவட்டம்.

பொருள்: பயிர்ப்பூச்சித் திட்டத்துக்கு வழிகாட்ட அமர்த்தப்பட்ட வல்லுநர் ஆலோசகரின் அறிக்கையில், சிலுங்கா பொறியின் டிசம்பர் 10ஆம் தேதி எண்ணிக்கையைத் திருத்தவும், பொறியைக் கழற்றாமல் விடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் நான்காம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதும் முறையை எங்கள் பள்ளி ஆசிரியர் ஒரு தாளில் காட்டிக் கொடுத்தார். முதலில் யார், பிறகு என்ன நடந்தது, கடைசியில் என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார். நடந்தது எனக்கே முழுதாக விளங்கவில்லை. ஆகையால் வரிசை மாறியிருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் யோத்தாமு எங்கள் கிராமத்துப் படைப்புழுப் பொறியைப் பதினொரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பொறி என்பது எங்கள் கம்புக் காட்டு ஓரத்தில் கழியில் தொங்கும் ஒரு வாளிதான். உள்ளே பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர்த் துண்டு இருக்கும். ஆண் பூச்சிகள் தேடி வந்து உள்ளே விழுந்து சாகும். என் நாத்தனார் தபிதா அப்போது, "அண்ணி, எங்க அண்ணனுக்குக் கெடச்ச உத்தியோகத்தப் பாத்தியா. பொம்பள வாசன காட்டி ஆம்பளைங்கள ஏமாத்துற வேல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவர் கோபப்படவில்லை. தினமும் விடிந்ததும் வாளியை முறத்தில் கொட்டி எண்ணுவார். மழைமானியைப் பார்ப்பார். தேதி, பூச்சி, மழை மூன்றையும் நோட்டில் எழுதுவார். ஒரே இரவில் முப்பதைத் தாண்டினால் அன்றைக்கே வேளாண்மை அலுவலருக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் பயிரில் புழு இறங்கும். பதினொரு ஆண்டில் ஆறு தடவை அப்படிச் சொன்னார். ஆறு தடவையும் புழு வந்தது. முன்பே தெரிந்ததால் கம்பைக் காப்பாற்றினோம். மாவட்டத்திலிருந்து அவருக்கு ஒரு மழைக்கோட்டு கொடுத்தார்கள். அதை அவர் வெயிலிலும் போட்டுக்கொண்டு பொறிக்குப் போவார்.

நவம்பர் 30ஆம் தேதி காலையில் எண்ணி, பதினெட்டு என்று எழுதினார். வீட்டுக்கு வந்து கஞ்சி வேண்டாம் என்று படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் கூடவே இருந்தேன். டிசம்பர் 2ஆம் தேதி மதியம் காலமானார். மறுநாள் அடக்கம் செய்தோம். எங்கள் குடும்ப வழக்கப்படி அடக்க நாள் முதல் ஏழு நாள் துக்கம். அந்த நாட்களில் வீட்டார் மண்வெட்டியைத் தொடுவதில்லை. இறந்தவர் தினமும் செய்த வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்வதும் இல்லை. செய்தால் அவரைச் சீக்கிரம் போ என்று தள்ளுவது போல ஆகும். ஆகையால் வாளியை யாரும் தொடவில்லை. நான் பாயில் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது தொங்குவது தெரியும்.

10ஆம் தேதி காலையில் மற்றவர்கள் துக்கத் துணி துவைக்கப் போனார்கள். நானும் தபிதாவும் பொறிக்குப் போனோம். முறம் நிறையப் பூச்சி. நான் ஒரு தடவை எண்ணினேன். தபிதா பத்துப் பத்தாகக் கூறு வைத்து இன்னொரு தடவை எண்ணினாள். இரண்டு தடவையும் இருநூற்றுப் பன்னிரண்டு. அவர் எழுதிய பதினெட்டுக்குக் கீழே அடுத்த வரியில் தேதியும் 212 என்றும் எழுதினேன். மழைமானி காய்ந்து கிடந்ததால் மழை இல்லை என்றும் எழுதினேன். அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் எனக்கு அவ்வளவும் தெரியும். பல்லி வாளிக்குள் விழுந்து பூச்சிகளைத் தின்ற நாளில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போடுவார், கணக்கு குறைவு என்று அர்த்தம். பத்து இரவாக வாளியைக் கொட்டவில்லை என்பதற்கு என்ன குறி என்று அவர் எனக்குக் காட்டியதில்லை. அவர் இருந்தவரை அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

அன்று மதியம் வேளாண்மை அலுவலர் மசாவே மோட்டார் சைக்கிளில் வந்தார். நோட்டைப் பார்த்ததும், "அம்மா, இருநூத்துப் பன்னெண்டா? நெசமாவா?" என்றார். "ரெண்டு தடவ எண்ணிட்டேன் சார்" என்றேன். போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அடக்கத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து களி சாப்பிட்டவர். ஏழு நாள் யாரும் எதையும் தொடமாட்டோம் என்று அவருக்குத் தெரியும் என நினைத்தேன். அவர் கிளிமஞ்சாரோப் பக்கத்துக்காரர். அவர்கள் வழக்கம் வேறு என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்த வாரமே வானொலியில் எச்சரிக்கை சொன்னார்கள். ஒன்பது ஊரில் மருந்தடித்தார்கள். ஆடு விற்று மருந்து வாங்கியவர்களும் உண்டு. புழு வரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் சிபாகோ வழியில் பார்த்தால், "என்ன மெராபு அக்கா, டிசம்பர்ல கெளம்புன புழு இன்னும் வரலயே. நடுவுல எங்கயாச்சும் விருந்துக்கு ஒக்காந்திருச்சா?" என்பார். புழு வராததற்கு எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஏன் கோபப்படுகிறார்கள் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு பூச்சித் திட்டத்துக்கு வழிகாட்ட ஒரு வல்லுநரை மாவட்டம் அமர்த்தியிருப்பதாகச் சொன்னார்கள். ஜனவரி 8ஆம் தேதி டாக்டர் கய்ஜாகே அவர்கள் தார் எஸ் சலாமிலிருந்து வந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஐயா தவறிட்டாருன்னு சொன்னாங்க, மனசத் தேத்திக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறந்தார்.

"பத்தாம் தேதி எழுதினது யாரு?" என்று கேட்டார். "நான்தான் சார்." "எண்ணி எழுதினீங்களா, குத்துமதிப்பா எழுதினீங்களா?" "எண்ணித்தான் சார்." "இந்த வட்டமெல்லாம் என்ன?" "பல்லி விழுந்த நாள் சார்." அவர் சிரித்தார். கூட வந்திருந்த மசாவேயும் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டு, பதினொரு ஆண்டின் நான்கு நோட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போனார். எத்தனை இரவுப் பூச்சி என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

14ஆம் தேதி ஊர்க் கூட்டத்தில் அவருடைய அறிக்கையை வாசித்தார்கள். 'ஒரே இரவில் 212 என்பது நம்பத்தக்கதல்ல' என்று வாசித்தபோதுதான் நடந்தது எனக்குத் தெரிந்தது. சிலுங்கா நோட்டுகளில் முறையற்ற குறிகள் இருப்பதாகவும், முதலிலிருந்தே எண்ணாமல் எழுதியிருக்கலாம் என்றும், நான்கு நோட்டுகளையும் கணக்கிலிருந்து நீக்குவதாகவும், பொறியை ஜனவரி 31ஆம் தேதிக்குள் கழற்றுவதாகவும் தொடர்ந்து வாசித்தார்கள். என் கணவருக்காக ஒருவரும் கை தூக்கவில்லை. ஆறு தடவை அவர் சொல்லித் தப்பித்த பயிரின் கம்பைத்தான் அங்கிருந்த எல்லோரும் தின்றிருக்கிறோம்.

கூட்டம் கலைந்ததும் மசாவேயிடம், "சார், அது ஒரு ராத்திரி இல்ல. பத்து ராத்திரி" என்றேன். "இதக் கேக்கணும்னு எனக்குத் தோணலயே அம்மா" என்றார். பிறகு, "அறிக்க மேல போயிருச்சு. நான் சொன்னா என் தலையும் சேந்து போகும். நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். அவர் சொல்லித்தான் இந்த மனு.

ஐயா, என் குழப்பம் இதுதான். அந்த 212 பொய் என்கிறார்கள். ஒவ்வொரு பூச்சியையும் நான் கையால் தொட்டு எண்ணினேன். பத்து இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு இருபத்தொன்று வருகிறது என்று ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். அது முப்பதுக்குக் கீழே. புழு வராது என்றுதான் பொறி சொல்லியிருக்கிறது, புழுவும் வரவில்லை. அப்படியானால் பொறி சொன்னது சரி, நான் எண்ணியதும் சரி. இருந்தும் ஒன்பது ஊர் நஷ்டப்பட்டது. தவறு எந்த இடத்தில் புகுந்தது என்று படுத்தால் யோசிக்கிறேன். நான் சொல்லாததா, அவர்கள் கேட்காததா, வாளியைத் தொடாமல் இருந்ததா? துக்கத்தில் வாளியைத் தொட்டிருக்க வேண்டும் என்றால் அதையாவது யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் விளங்கவில்லை. என் வரியை நம்பித்தான் அவசரமாக வல்லுநரை அமர்த்தினார்கள் என்கிறார் மசாவே. அந்த வல்லுநரே வந்து அந்த வரியை நம்பாதே என்கிறார். தவறு என்னுடைய ஒரு வரியில் இருக்க, இறந்தவர் எழுதிய பதினொரு ஆண்டை ஏன் அடிக்கிறார்கள்?

இதை நான் சாவகாசமாக எழுதவில்லை ஐயா. நோட்டு இல்லாவிட்டாலும், கூட்டம் முடிந்த அன்றே வாளியைக் காலி செய்துவிட்டு, 15ஆம் தேதியிலிருந்து தினமும் காலையில் எண்ணி, பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறேன். 15ஆம் தேதி ஒன்பது. 16ஆம் தேதி பதினான்கு. 17ஆம் தேதி இருபத்திரண்டு. 18ஆம் தேதி நாற்பத்தொன்று. இன்று 19ஆம் தேதி ஐம்பத்தெட்டு, மழை பதினொரு மில்லிமீட்டர். நேற்றே மசாவேக்குச் சொல்லி அனுப்பினேன். சிலுங்கா எண்ணிக்கையை இனி வாங்கக் கூடாது என்று உத்தரவு இருப்பதாகப் பதில் வந்தது. இன்று சிபாகோவிடம் சொன்னேன். "இது எத்தன மாசத்துப் பூச்சி அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கம்பு முழங்கால் உயரம் நிற்கிறது. அவருடைய காட்டிலும் அப்படித்தான்.

எனவே ஐயா அவர்கள் தயவு செய்து டிசம்பர் 10ஆம் தேதி வரியில் 'பத்து இரவு' என்று சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். அந்தத் தவறு மெராபுவுடையது, யோத்தாமுவுடையது அல்ல என்றும் எழுதச் சொல்ல வேண்டும். நோட்டுகளைத் திருப்பித் தர வேண்டும். அவர் கையெழுத்து வீட்டில் வேறு எதிலும் இல்லை. பொறியைக் கழற்ற வேண்டாம். வல்லுநர் அவர்கள் ஒரே ஒரு காலை எங்கள் ஊருக்கு வந்து என்னோடு உட்கார்ந்து எண்ணட்டும். அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், கேட்க மறந்ததையும் இந்த முறை நானே சொல்கிறேன். அதற்கு நாளாகும் என்றால் மற்றதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். இன்றைய எண்ணிக்கையை மட்டும் ஏற்றுக்கொண்டு, ஊர்களுக்கு இந்த வாரமே சொல்லிவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சிலுங்கா
நாள்: 19 ஜனவரி 2016

இப்படிக்கு,
பொறியை இப்போது பார்த்துக்கொள்ளும்
மெராபு சிலொங்கோலா

இணைப்பு: காலண்டர் தாள் ஒன்று. பவுடர் டப்பா ஒன்று, உள்ளே ஐம்பத்தெட்டு பூச்சிகள். ஐயா கொட்டி எண்ணிப் பார்க்கலாம். நேற்றுக் காலை வாளியைக் காலி செய்துவிட்டுத்தான் தொங்கவிட்டேன். தபிதா சாட்சி. இவை ஒரே இரவில் விழுந்தவை.