முப்பத்திரண்டாம் நம்பர் வரவில்லை

இன்று காலை ஒன்பது பத்துக்கு என் கைப்பேசி கிணுகிணுத்தது. பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி: உங்கள் குழந்தை இன்று வகுப்புக்கு வரவில்லை. குழந்தையோ என் பக்கத்தில் காய்ச்சலோடு படுத்தபடி, ரஸ்க்கைப் பாலில் நனைத்து மெத்தையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கருவி நம் காலத்தில் இருந்திருந்தால் உன் வண்டவாளம் முதல் நாளே தண்டவாளம் ஏறியிருக்கும். என்னுடையதும்தான்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத உட்கார்ந்தால் மூக்கை உறிஞ்சுவதிலேயே பொழுது போயிற்று. இன்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், இன்றே எழுதிவிடுகிறேன்.

சனத்நகர் குவார்ட்டர்ஸுக்கு நீ வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. உன் அப்பாவுக்குப் பெரம்பூரிலிருந்து வேலை மாற்றம். என் அப்பா இருந்த அதே ஃபேக்டரி, அதே ஒர்க்ஷாப். இரட்டைப் பின்னலும் பெரிய கண்களுமாக வந்தாய். நான் பேசியதைக் கேட்டு முதல் நாளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "ஆமான்றதுக்கு ஹவ்ங்கிற, வேணாம்ன்றதுக்கு நக்கோங்கிற. நீ தமிழ்தானாடி?" என்றாய். சிக்கந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒன்பதாம் வகுப்பில் என் ரோல் நம்பர் முப்பத்தொன்று, உன்னுடையது முப்பத்திரண்டு. பெரம்பூரில் தமிழில் படித்து முதல் ரேங்க் வாங்கியவள் நீ. இங்கே எல்லாம் இங்கிலீஷ், போதாததற்குத் தெலுங்கு வேறு. தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால்கூட எப்படிக் கேட்பது என்று என் காதில் கிசுகிசுப்பாய். ஆனால் கணக்கில் உன்னை அசைக்க முடியாது. நோட்டில் நாலே வரியில் விடை வந்து நிற்கும்.

அதுதான் வினையாயிற்று. கணக்கு மிஸ் ஒருநாள் உன் நோட்டைத் தூக்கிப் பிடித்து, எப்படி வந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். உனக்கு விடை தெரியும், சொல்ல வார்த்தை தெரியாது. தலை குனிந்து நின்றாய். மிஸ் என் நோட்டையும் உன் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருப்பவளைப் பார்த்துக் காப்பி அடிக்காதே என்று உட்காரச் சொன்னார். பக்கத்திலிருப்பவள் நான். என் நோட்டில் இருந்ததே உன் நோட்டைப் பார்த்து எழுதியது! எழுந்து சொல்லியிருக்கலாம். பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நீ பள்ளிக்கூட வாசல்வரை என்னோடு வந்து, அப்படியே சனத்நகர் ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்டாய். "நான் வரலடி. நீ போ." அவ்வளவுதான் சொன்னாய். டிபன் பாக்ஸும் பையுமாக பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாய். சாயங்காலம் நாலரைக்கு ஃபேக்டரி சங்கு ஊதியதும் எழுந்து வீட்டுக்கு. கையில் வாட்ச் இல்லாத நமக்கெல்லாம் அந்தச் சங்குதானே நேரம் சொல்லியது.

அன்றைக்குப் பேசாமல் இருந்ததற்குப் பரிகாரமாக நான் ஒன்று செய்தேன். நம் வகுப்பு டீச்சரும் அதே கணக்கு மிஸ்தான். தலையை நிமிர்த்தாமல் வருகைப் பதிவு எடுப்பார். அறுபது பேர் வகுப்பில் யார் முகத்தைப் பார்ப்பது? "தர்ட்டி ஒன்" என்றதும் என் குரலில் "பிரசன்ட் மிஸ்." "தர்ட்டி டூ" என்றதும் குனிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உன் குரலில் இன்னொரு "பிரசன்ட் மிஸ்." சளி பிடித்த வாரத்தில் இரண்டு குரலும் ஒன்றுபோல வந்து, பின் பெஞ்சுக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உனக்குப் பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாமென்பாய்.

இப்படிப் பதினேழு நாள் போயிற்று. அந்தக் கோடையில் கரண்ட் பற்றாக்குறை. ஃபேக்டரிக்கு ஞாயிறுக்குப் பதில் வியாழக்கிழமை பவர் ஹாலிடே என்று அறிவித்தார்கள். முதல் வியாழன் அன்று உன் அப்பா பனியனோடு வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நீ கிளம்பினாய். அப்பாவுக்கு லீவு என்று தெரிந்த உனக்கு, சங்குக்கும் லீவு என்று தோன்றவே இல்லை.

மணி ஆறாயிற்று. உன் அப்பா சைக்கிளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "ஸ்டேஷன்ல இருப்பா அங்கிள்." என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தார்.

நீ அதே பெஞ்சில் இருந்தாய். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேகனின் நம்பரும் ஏழால் வகுபடுமா, பதினொன்றால் வகுபடுமா என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். பக்கம் பக்கமாக. பள்ளிக்கூடத்தைத்தான் விட்டிருந்தாய், படிப்பை விடவில்லை என்று இன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்குத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் சங்கு ஊதலியேப்பா?" என்றாய்.

"இன்னிக்கு பவர் ஹாலிடே பாப்பா." அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தினி நாளா?"

"பதினேழு."

"ஸ்கூல்ல யாரும் கேக்கலியா?"

"யாருப்பா கேப்பாங்க? நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஒருத்தர்கூடத் தேடல."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. எப்படித் தேடுவார்கள்? தினமும் நீ வந்திருப்பதாக நான்தானே மூக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

உன் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நம்மை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் உன் அம்மாதான் சொன்னார்: "பிடிக்கலன்னா விட்டுடட்டும். திங்கட்கிழமைலேருந்து தையல் கிளாஸ்ல சேத்துடலாம்." நீயும் சரியென்று தலையாட்டினாய். ஒன்பதாம் வகுப்போடு உன் படிப்பு முடியப்போகிறது, காரணம் நான். அன்று இரண்டு இட்லிக்குமேல் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் "தர்ட்டி டூ" என்றார் மிஸ். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். வகுப்பே என்னைப் பார்த்தது. எழுந்தேன். "வரல மிஸ். பதினேழு நாளா வரல. நான்தான் சொன்னேன்." மிஸ் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். விட்டால் போதுமென்று மீதியையும் கொட்டினேன்: அந்தக் கணக்கு அவள் போட்டது, காப்பி அடித்தது நான்.

மிஸ் நம்பவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து, அதே கணக்கைப் பலகையில் போடச் சொன்னார். நான் போட்டேன். அதை எப்படிச் சொல்வது? மூன்றாவது வரியிலேயே எனக்கே அழுகை வந்துவிட்டது. கணக்குத் தெரியாமல் போனதால் நான் ஒருத்திக்கு நல்லது செய்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். வராண்டாவில் மதியம்வரை முட்டி போட்டதும் வலிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரிக்ஷாவில் மிஸ்ஸே உங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "நீ சீட்டு காளீகா உந்தம்மா. ரேப்பு ரா," என்றார். உன் அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. நான்தான் தமிழில் சொன்னேன்: "உன் இடம் காலியா இருக்காம். நாளைக்கு வரணுமாம்." உன் கண் நிறைந்தது. பதினேழு நாளும் உனக்குப் பதிலாக பிரசன்ட் சொல்லி பிராக்ஸி கொடுத்ததையும் அப்போதே ஒப்புக்கொண்டேன். உடனே என் பக்கம் திரும்பி முறைத்தாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாய்: "ஏ பிராக்ஸி, நகர்ந்து உக்காரு." சாகும்வரை அதுதான் எனக்குப் பெயர்.

பிறகு நீ எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தேற்றினாய், நான் உனக்கு இங்கிலீஷையும் தெலுங்கையும். நீ பாலிடெக்னிக் முடித்து, காஞ்சன்பாக் ஃபேக்டரியில் தரச் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாய். நீ கையெழுத்துப் போடாமல் ஒரு பொருள் வெளியே போகாது என்று பீற்றிக்கொள்வாய். நான் திருமுல்கேரியில் டீச்சரானேன். முப்பது வருடம் தலையை நிமிர்த்தித்தான் வருகைப் பதிவு எடுத்தேன். ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வராவிட்டால் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். "உன் இடம் காலியா இருக்குடா" என்பதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் வந்துவிடுவார்கள். வராத முகங்களும் சில இருக்கின்றன, அவை மறப்பதில்லை.

போன மாதம் பழைய வகுப்புக்காரர்கள் கூடினோம். நரைத்த தலைகளாக அறுபதில் நாற்பது பேர் தேறினோம். யாரோ வேடிக்கைக்கு ரோல் நம்பர் கூப்பிட்டார்கள். "தர்ட்டி ஒன்" என்றதும் "பிரசன்ட் மிஸ்" என்று கத்தினேன், கூடமே சிரித்தது. "தர்ட்டி டூ." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் மூக்கைப் பிடித்துக் காட்டி, சொல்லு என்று ஜாடை செய்தாள்.

நான் சொல்லவில்லை. நீ இல்லாதது எல்லோருக்கும் தெரியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் உன்னைத் தேடினார்களடி.

உன் பிராக்ஸி,
முப்பத்தொன்று