நாமக்கட்டிக்குக் கேட்காத கட்டி

2001 ஜூலை 5, வியாழன்

வலது கண்ணின் மேலிமை வீங்கியதைக் கண்கட்டி என்று நம்பி, நான்கு மாதமாக நாமக்கட்டியை உரசிப் பூசிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து நாத்தனார் கோமதி போனில் சொன்ன வைத்தியம். இன்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. லிம்ஃபோமா என்ற கேன்சராம். கண்ணீர்ச் சுரப்பியில் அது வருவது அபூர்வம் என்று டாக்டர் என் வீட்டுக்காரரான இவரைப் பார்த்தே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். கண் என்னுடையது என்று நான் ஹிந்தியில் சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

கோர்படியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் இவர், "யாருட்டயும் சொல்லாத. கண்ணு ஆபரேஷன்னு சொல்லிக்கிடலாம்" என்றார்.

சாயங்காலம் கோமதி கூப்பிட்டாள். "நாமக்கட்டி போடுதீங்களா மதினி?"

"போட்டேன். இது கேன்சர், அதுக்குக் கேக்காது."

"மெதுவாச் சொல்லுங்க! நம்ம வித்யாவுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம். வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?"

இவர் போனை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "கேன்சர்னதும் ஓடுதவன் என் மகளுக்கு வேண்டாம்" என்று கத்திவிட்டு வைத்தேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய லீவு லெட்டரிலும் நோயின் பெயரை முழுசாகப் போட்டேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ரேடியேஷன் ஆரம்பம். அதற்குப் பிறகு வலது கண்ணில் கண்ணீர் வற்றிப்போகலாம் என்றார் டாக்டர். வற்றட்டும். எனக்கு அழுகை வந்தால் இடது கண் போதும்.