வாழைப்பூ நறுக்கிய கைக்கு

என் கண்ணான அம்மாவுக்கு,

நான் இப்போது சொல்வது உனக்கு எட்டுமா? எட்டவேண்டும்.

என் பேத்தி நந்தினி இங்கே கல்கத்தா நியூ டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே வரிக்குதிரை மீன் வளர்க்கிறார்கள். விரல் நீளம்கூட இராது. வங்காளத்து ஓடைகளில் தானாகத் திரிவதுதான். தொட்டி தொட்டியாக மீன், ஒருவருக்கும் குழம்பு வைக்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் இப்படியும் ஓர் இடம்!

சென்ற வாரம் என்னை அழைத்துப் போனாள். மைக்ராஸ்கோப்பில் இரண்டு மீன்குஞ்சுகள், குருத்தெலும்பு தெரிய நீலச் சாயம் ஏற்றியிருந்தது. ஒன்றின் தாடை அழகாக வளைந்திருந்தது. மற்றதன் தாடை சரியாகக் கூடவே இல்லை.

"இதுல ஒரே ஒரு ஜீனை மாத்தினோம், பாட்டி. முகத்து எலும்பு எப்படி வளரணும்னு சொல்ற ஜீன். அந்த மாதிரி நமக்கும் இருக்கு."

என் விரல் மேலுதட்டுத் தழும்புக்குப் போயிற்று. பிளந்த உதட்டோடு பிறந்தவள் நான். தைத்த உதட்டோடு கான்வென்ட் மேடையில் பேசிப் பரிசு வாங்கினேன். எனக்கு அது குறையே இல்லை. உனக்குத்தான். கர்ப்பிணி கிரகணத்தில் அரிவாள்மனையைத் தொட்டதால் வந்தது என்று அத்தை சொன்னாள், நீ நம்பினாய். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன் வலது கை புடவைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

நீ எப்போதும் புலம்பிய மாதிரியே நந்தினியிடம் சொன்னேன்: "கிரகணத்தன்னிக்கு வளைகாப்பு வளையல் குலுங்கக் குலுங்க வாழைப்பூ நறுக்கினேனே, பாவி!"

அவள் நிமிர்ந்தாள். "வளைகாப்பா? அது ஏழாம் மாசம்தானே?"

"ஆமாம்."

"வயித்துக் குழந்தைக்கு உதட்டோட ரெண்டு பக்கமும் ரெண்டாம் மாசத்துலயே சேர்ந்திருக்கணும், பாட்டி. உனக்கு எந்த ஜீன், வேற என்ன காரணம், எனக்குத் தெரியாது. ஆனா கொள்ளுப்பாட்டியோட அரிவாள்மனை அஞ்சு மாசம் லேட்!"

சிரித்துவிட்டேன், அம்மா. அந்த அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் நீர் வரும்வரை.

அந்த வளையல் குலுங்கியதை ஒவ்வொரு தடவையும் நீயேதானே சொன்னாய்? கேட்டவர்களில் ஒருவருக்காவது மாதத்தை எண்ணிப் பார்க்கத் தோன்றியதா?

உன் அரிவாள்மனை நம் பவானிபூர் வீட்டில் பதமாகவே இருக்கிறது. அடுத்த கிரகணத்தன்று, உறவில் யார் ஃபோன் செய்து தடுத்தாலும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முழு வாழைப்பூவை நறுக்குவேன். உன் பக்குவத்தில் பொடியாக.

நீ கையை வெளியே எடு, அம்மா.

உன் கை வாகு அப்படியே வாய்த்த
உன் மகள், ராஜம்