கடைசி அடியில் இருந்த பெயர்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அம்மாவின் நாற்பதாம் நாள் துஆ பிரார்த்தனைக்கு உர்ஃபா ஊரே திரண்டு வந்திருந்தது. இறைவனை நினைத்து அவள் கட்டிய பாட்டை நீ பாடினாய். பாட்டைக் கட்டியவர் பெயர் கடைசி அடியில் வரும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "நசீபே உன் வாசலில் நிற்கிறாள்" என்று தன் பெயரை வைத்துத்தான் அவள் முடித்திருந்தாள். நீயோ "ராகிப் உன் வாசலில் நிற்கிறான்" என்று உன் பெயரை வைத்து முடித்தாய்.

ஆண்களைப் பிரித்துக் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "ஏண்டி, உன் தம்பி பெத்தவளையே முழுங்கிட்டானே!" என்றாள் பெரியம்மா.

வாசலில் உன்னை மறித்துக் கேட்டேன். "குடும்பச் சொத்துதானேக்கா, யார் பேரா இருந்தா என்ன?" என்று சிரித்தாய்.

என் மிளகாய்த்தூள் மூட்டையில் அடுத்தவன் தன் முத்திரையைக் குத்தினால் அவனைச் சந்தையில் நிற்க விடமாட்டேன். இது அம்மாடா. எழுதப் படிக்கத் தெரியாதவள். கல்லறைக் கல்லை விட்டால் அவள் பெயர் இருந்தது அந்த ஒரு அடியில்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அதே ஆட்கள் முன்னால் அவள் பெயரோடு பாடு. இல்லையென்றால் ஆண்கள் சபை என்றும் பார்க்காமல் நானே வந்து பாடுவேன். எனக்குப் பாட வராது. பெயரை மட்டும் சரியாகச் சொல்வேன்.

உன் அக்கா