கேமராவின் முன் ஏழாவது முகம்

என் எஸ்தருக்கு,

வயதில் இளையவளாக இருந்தும் எங்கு போனாலும் எனக்கு முன்னால் நடந்தவளே, கடைசியிலும் அப்படியே முந்திக்கொண்ட என் தங்கையே,

உன் கைப்பேசியை நான் இன்னும் அணைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் மேசைமேல் சார்ஜரோடு கிடக்கிறது. டயாலிசிஸ் தாதியருக்காக நீ கட்டிய இணையப் பாடத்தளத்தின் முதல் பக்கத்தில், ‘கடவுச்சொல்லை மறந்தவர்கள் சிஸ்டர் எஸ்தரை அழைக்கவும்’ என்று உன் சொந்த எண்ணைப் போட்டு வைத்தாய். நீ போன பிறகு அதை எப்படி மாற்றுவது என்று உன் பயிற்சிக் கழகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் இன்னும் எழுதுகிறார்கள்: “சிஸ்டர், மறுபடி மறந்துட்டேன், சாரி.” நான் புதிய கடவுச்சொல் அனுப்புகிறேன். “தேங்க்யூ சிஸ்டர்” என்று பதில் வருகிறது. நான் திருத்துவதில்லை.

இன்று எழுதுவது அதற்காக அல்ல. நான் கோபமாக இருக்கிறேன். அப்பாவின் கோபம் ரயில்வே குடியிருப்பு முழுவதும் கேட்கும், ஒரு குவளைத் தேநீரோடு அடங்கியும் விடும். என்னுடையது ஐஸ்பெட்டியில் வைத்தது மாதிரி, நாள்பட்டாலும் கெடாது என்று நீ கேலி செய்வாய். அது இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உனக்குச் சொல்வதை மற்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

உன் தளத்தை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியதுதான், அதை முதலில் சொன்னவனே நான்தான். பாடங்களின் உரிமையை என் பெயருக்கு எழுதிவிட்டுப் போனாய், அதனால் புதுப்பிப்புக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். சுபாங் ஜெயா கல்லூரியில் கணினியியல் கற்பிப்பவன் என்பதால் பேசவும் விட்டார்கள். கைப்பேசியில் திறந்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிற தளம் அது. காணொளிகள் நடுவழியில் நின்று சுழலும். அந்தப் பாசிப்பச்சை நிறத்தை நீ எங்கிருந்து பிடித்தாய்? பழையது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடுகிறவன் நான் இல்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னோடு சண்டை போட்டாவது மாற்ற வைத்திருப்பேன்.

ஆனால் அந்தப் பச்சைப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. பாடம் தொடங்கும் முன் அது கேட்கும்: ‘இப்போது உங்களோடு அமர்ந்திருப்பவர்கள் யார்?’ பெயர்களை எழுதினால் எல்லோருக்கும் சேர்த்துப் பாடம் ஒருமுறை ஓடும். பிறகு கேள்விகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரும். ஒருவர் தவறினாலும் அத்தனை பேரும் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். உலகத்தில் எந்தத் தளமும் இப்படிக் கேட்பதில்லையே என்று நான் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. “நோயாளிய மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் செக் பண்ணணும்னு ரூல் இருக்குண்ணே. வேலையில தனியா இருக்கக்கூடாது, படிக்கிறப்ப மட்டும் தனியா இருக்கணுமா?”

பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் குழு அந்தக் கேள்வியை இன்றுவரை தொடவில்லை.

புதிய தளம் அழகாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். வேகமாகத் திறக்கிறது. உன் காணொளிகளில் பின்னால் இரைந்த மின்விசிறியின் ஓசையை நீக்கிவிட்டார்கள். உன் குரல் மட்டும் கேட்கிறது. அதைக் கேட்ட அன்று கூட்டத்திலிருந்து எழுந்து கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் கட்டம் இல்லை. அந்த இடத்தில் கேமரா. தேர்வு எழுதுகிறவரின் முகத்தை அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். இன்னொரு முகம் தெரிந்தால் தேர்வு மூடிக்கொள்ளும். பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். ‘நேர்மை மீறல்’ என்று பதிவாகும்.

கிள்ளானில் தாதியர் கூட்டம் ஒன்று சேர்ந்து படிக்கிறதே, அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கழகத்தின் இயக்குநர், உன் இறுதிச் சடங்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர், கனிவாகத்தான் சொன்னார். “சார், அதெல்லாம் பழைய ஃபீச்சர். யாரும் யூஸ் பண்றதில்ல லா.” நான் இப்போதுதான் ஒரு கூட்டத்தைச் சொன்னேன் என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தேநீர் வந்தது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

சோதனை முறையில் தளம் திறந்த முதல் ஞாயிறே அது நடந்தது. கிள்ளானில் தேவாலயத்தின் பின்பக்கக் கூடத்தில் புஷ்பாவும் மற்ற ஐந்து பேரும் வழக்கம்போல் அமர்ந்தார்கள். புஷ்பாவை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அங்குள்ள ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் மூத்த தாதி. கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறோடு, தேவாலயக் கூடத்துக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து வைப்பவள். ஐனி வீட்டில் பொரித்த கறிபாஃப் கொண்டுவருவாள். ஜெசி ஆராதனை முடிந்த கையோடு வந்து சேர்வாள். இரவுப் பணிக்குப் போக வேண்டியவர்கள் அதற்குள் ஒரு பாடத்தை முடித்து, சண்டை போட்டு, சரி பார்த்து எழுவார்கள். அன்று புஷ்பாவின் பெயரில் தேர்வைத் திறந்தார்கள். கேமரா ஆறு முகத்தைப் பார்த்தது. தேர்வு மூடிக்கொண்டது. கோளாறாக இருக்கும் என்று நினைத்து அடுத்தவளின் பெயரில் திறந்தார்கள். அதற்கடுத்து மூன்றாமவளின் பெயரில். ஏமாற்ற நினைத்தவர்கள் கேமராவின் முன்னால் இப்படி வரிசையாக வந்து சிரித்துக்கொண்டு உட்காருவார்களா? கடைசியில் ஆறு பெயருக்கும் சிவப்பு.

சிவப்பு என்றால் என்ன என்று தாதியர் அல்லாதவர்களுக்கும் தெரிய வேண்டும். அந்தக் குறி இருக்கும்வரை படிப்புப் புள்ளிகள் நிறுத்தி வைக்கப்படும். புள்ளிகள் இல்லாமல் ஆண்டு முடிவில் பணி உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. உரிமம் இல்லாதவள் ஊசியைத் தொட முடியாது. ஜெசியின் கணவருக்கு லோரி விபத்துக்குப் பிறகு வேலை இல்லை. அந்த வீடு அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் நடக்கிறது.

கழகம் ஒரு வழி சொன்னது. ஆறு பேரும் முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். எழுதினால் குறி நீங்கும்; எச்சரிக்கை மட்டும் பதிவில் நிற்கும். இதை எனக்குச் சொன்ன அதே கூட்டத்தில், உன் பாடங்களைப் புதிய தளத்துக்கு மாற்ற என் சம்மதக் கையெழுத்தையும் கேட்டார்கள். கூடவே ஒரு பரிசும் வைத்திருந்தார்கள்: தளத்துக்கு உன் பெயர். முதல் பக்கத்தில் உன் படம். தொடக்க விழாவில் முன்வரிசையில் எனக்கு நாற்காலி, அதில் ‘குடும்பத்தினர்’ என்று அட்டை.

உன்னோடு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உன் படத்தை மாட்டுகிறார்கள். புரிகிறதா உனக்கு? எனக்குப் புரிய இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

நான் குரலை உயர்த்தவில்லை. கேள்வியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆறு குறிகளையும் எழுத்தில் நீக்குங்கள், பிறகு கையெழுத்திடுகிறேன் என்றேன். மென்பொருள் நிறுவனத்தின் பிரதிநிதி அது ஒப்பந்தத்தில் இல்லை என்றார். இயக்குநர் என்னைத் தனியாக அழைத்துப் போய், ஆறு பேருக்காக ஆயிரக்கணக்கானவர்களின் படிப்பை நிறுத்துவது நியாயமா என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஆறு பேரைத் திருடிகள் என்று எழுதியவரே அதைக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். உன் பாடங்களைத் தரப்போவதில்லை என்று சொல்லத்தான் போனேன். கூடத்தில் அவர்கள் உன் பழைய பச்சைத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊசி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். புள்ளி கிடைக்காது என்று தெரிந்தே. என் முடிவைச் சொன்னேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் புஷ்பா முகத்தைச் சுளித்தாள்.

“பாடத்த நிறுத்தினா யாருக்கு சார் அடி? அவங்களுக்கு இல்ல. எங்கயோ ஒரு புதுப் பிள்ள தப்பா குத்துவா, நோயாளிக்குக் கை வீங்கும். சிஸ்டர் இருந்தா உங்களத்தான் மொதல்ல ஏசுவாங்க.”

நான் என் நியாயத்தைச் சொன்னேன். அவள் அவளுடையதைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கடுமையாகவே பேசிக்கொண்டோம். நடுவில் ஜெசி, யாரையும் பார்க்காமல், மன்னிப்பை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். புஷ்பா அவள் பக்கம் கறிபாஃப் தட்டை நகர்த்தினாள்.

“நீ எழுதுறதுன்னா எழுது ஜெசி. வீட்டு நிலம எங்களுக்குத் தெரியும். யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

ஜெசி ஒன்றை எடுத்தாள், தின்னவில்லை. “நாம படிச்சோம்க்கா. படிச்சதுக்கு சாரி எழுதிட்டு, அடுத்த ஞாயிறு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்து உக்காருறது?”

எஸ்தர், திரும்பி வரும் ரயிலில் அந்த வாக்கியம்தான் என்னோடு வந்தது. அவளுடைய முகத்தைப் பற்றி அவள் கவலைப்படுகிறாள். முகங்களை எண்ணுவதற்கென்றே வாங்கிய கருவிக்கு அது தெரியாது. கருவியை விடு. உன் சவப்பெட்டியருகே அழுத மனிதருக்குத் தெரிய வேண்டாமா? அல்லது அவருக்கும் உள்ளே எங்கேயோ தெரிந்து, ஒப்பந்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாரா? நீ அவரோடு அத்தனை காலம் வேலை செய்தாயே, நீதான் சொல்ல வேண்டும்.

முடிவெடுத்துவிட்டேன். பாடங்களைத் தருகிறேன், சம்மதக் கடிதம் நேற்றே போய்விட்டது. புஷ்பா சொன்னது சரி. ஊசியின் வலி நோயாளிக்குத்தான். ஆனால் உன் பெயரைத் தர மாட்டேன். உன் படத்தையும் தர மாட்டேன். அந்தக் கேள்வி திரும்பி வந்து, ஆறு பெயர்களின் எதிரே உள்ள சிவப்பு நீங்கும்வரை, அந்தத் தளத்துக்கு நீ யாரோ ஒருத்திதான். அதையும் அதே கடிதத்தில் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடக்க விழா இந்த ஞாயிறு, சுபாங் ஜெயாவில் ஒரு விடுதி மண்டபத்தில். மேடையில் பெரிய திரை வைத்து, நாடெங்கும் யார் தேர்வு எழுதுகிறார்கள், கேமரா யாரைப் பிடிக்கிறது என்று அந்த நொடியிலேயே காட்டப் போகிறார்கள். ஒத்திகையில் அந்தப் பிரதிநிதி பெருமையாகக் காட்டினார். குழு உறுப்பினர் என்ற முறையில் எனக்கும் அந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் கிள்ளான் கூடத்தில் இருப்பேன். என் கணக்கில், என் பெயரில் தேர்வைத் திறப்பேன். அந்தப் பெண்களின் பெயர் எதுவும் அதில் இருக்காது. அவர்களிடம் முன்பே கேட்டுவிட்டேன், கேமராவின் முன் மீண்டும் உட்காரச் சம்மதமா என்று. புஷ்பா சிரித்துவிட்டாள். “ஏற்கெனவே சிவப்புதானே சார். அதுக்கு மேல என்ன கலர் வச்சிருக்காங்களாம்?”

இதை அவர்கள் முன்கூட்டியே படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் குறிகளை நீக்கவும் கேள்வியைத் திருப்பி வைக்கவும் அவர்களுக்கு நேரம் இருக்கிறது. நீக்கினால், முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்து நானே கைதட்டுவேன். திரையை மட்டும் அணைத்துவிட்டால், அதுவும் ஒரு பதில்தான். மண்டபத்தில் இருப்பவர்கள் ஏன் அணைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், எஸ்தர். ஜெசியின் உரிமம் புதுப்பிக்கப்படும் நாள்வரை ஒவ்வொரு ஞாயிறும் கிள்ளானுக்குப் போவேன். ஊசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; உன் பாடத்தை முதல் முறையாக முழுவதும் கேட்கப் போகிறேன், மின்விசிறி இரைகிற பழைய பதிவையே. பிறகு கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவேன். அது ஏழு முகங்களை எண்ணட்டும். என் பெயருக்கு எதிரேயும் சிவப்பு விழட்டும். என்னோடு அமர்ந்திருப்பவர்கள் யார் என்று யாராவது கேட்டால், சொல்வதற்குப் பெயர்கள் இருக்கின்றன.

உன் பின்னாலேயே நடந்து பழகிய,
உன் அண்ணன்