வீடு இரண்டின் கம்பி

செவ்வாய்க் கோள், மேற்குப் பள்ளம்

நாள் 211, காலை 09:10
வீட்டின் வலையமைப்பு தயார். எல்லாமே வயர்லெஸ். காற்று இயந்திரம் வெளியே கொட்டகையில் இருக்கிறது; அதற்கும் இரு வாசற்கதவுகளுக்கும் ரேடியோ அலையில்தான் கட்டளை. கேபிள் இழுத்துவிடலாம் என்றார் என் கணவர் பெனடிக்ட். சுவரைத் துளைத்தால் காற்று கசியும் என்றேன். சிக்னல் நன்றாக இருக்கிறது.
பதிவு: அமலோற்பவம், தகவல் தொடர்புப் பொறியாளர்.

நாள் 214, மாலை 15:40
ஆக்ஸிஜன் குறைந்தது. பழுது எதுவும் இல்லை. வெளியிலிருந்து கட்டளை வந்திருக்கிறது. இந்தப் பள்ளத்தில் எங்களைத் தவிர ஒரே ஆள்தான்: மேட்டுக்கு அப்பால், எண் ஒன்று வீட்டில் குணபாலன்; எங்களுடையது வீடு இரண்டு. தரைக்கடியில் பனி வெட்டித் தண்ணீர் எடுக்கும் அவருடைய பனிக்கிணறு வற்றிவிட்டது. எங்கள் கிணற்றில் பாதி தருகிறோம் என்று சொல்லியிருந்தோம். முழுக்க வேண்டும் என்றார்.

நாள் 215, காலை 11:05
கடவுச்சொல்லை மாற்றினேன். சாப்பாட்டுக்கு முன்பே உடைத்துவிட்டார். ரேடியோவில் பேசினார்:
"தங்கச்சி, பூட்ட மாத்தி மாத்திப் போடாத. காத்துல போறத யாரு வேணா பிடிக்கலாம். கெணத்த விட்டுட்டுக் கெளம்புங்க."
பெனடிக்டின் நகங்கள் நீலம் பாய்ந்திருக்கின்றன. எனக்குத் தலை பிளக்கிறது.

நாள் 216, காலை 07:30
சுவரைத் துளைத்துவிட்டோம். பெனடிக்ட் கேபிளைப் புழுதிக்கடியில் புதைத்துக் கொட்டகை வரை கொண்டுபோனார். இயந்திரமும் இரு கதவுகளும் இனி இந்தக் கம்பியில்தான்; இரு முனையிலும் ஆளுக்கொரு தொலைபேசியும் மாட்டினோம். துளையைப் பிசினால் அடைத்தேன். ஆன்டெனாக்கள் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. இனி நாங்களும் யாரையும் கூப்பிட முடியாது; நிவாரணக் கப்பல் வரும்வரை அப்படித்தான். பரவாயில்லை. மூச்சு சீராக இருக்கிறது. சூடாகக் கஞ்சி குடித்தோம். பெனடிக்ட் சிரித்தார்.

மாலை 16:20
புழுதிக் காற்று. கேபிள் முனையைப் பார்த்து வருவதாகப் பெனடிக்ட் கொட்டகைக்குப் போயிருக்கிறார்.

மாலை 17:50
இன்னும் வரவில்லை. கம்பித் தொலைபேசி அடித்தது. பெனடிக்ட்தான் என்று ஓடி எடுத்தேன். குணபாலன் குரல்.
"நல்ல காரியம் பண்ணின தங்கச்சி. கம்பியில பேச்சு தெளிவா கேக்குது."
பெனடிக்டைக் கேட்டேன்.
"இங்கதான் கெடக்காரு. பேசுற நிலைமையில இல்ல."
எங்கே கிடக்கிறார் என்று கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

18:02
வெளிக்கதவு தானாகத் திறந்துகொண்டது. குணபாலன் கொட்டகை முனையிலிருந்து கட்டளை கொடுக்கிறார். உள்கதவு மட்டும்தான் பாக்கி; அதுவும் திறந்தால் வீட்டுக் காற்று முழுக்க வெளியேறிவிடும். கம்பியை அறுத்தால் கதவு திறக்காது. இயந்திரமும் ஓடாது.

18:04
அறுத்துவிட்டேன். காற்று இயந்திரம் நின்றுவிட்டது. இத்தனை நாள் குழாய் வழியே அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

18:11
அவர் இங்கே வருவதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. விண்வெளி உடுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. போட்டுவிட்டேன். கையுறையோடு தட்டுகிறேன், எழுத்துகள் பிசகுகின்றன. பனி உடைக்கும் கடப்பாரை கையில். உள்கதவுக்கு உள்பக்கம் மட்டும் இருக்கும் கைப்பிடியைச் சுற்றுகிறேன். இதைப் படிப்பவர்கள் கொட்டகையில் இரண்டு உடல்களைப் பார்த்தால் பெனடிக்டைத் தனியாகப் புதையுங்கள். மற்றவனை